சட்டிக்குள் வந்த சன்னம்



மிளகு என்று எண்ணி நான் அசட்டையாக விட்டுவிட்ட ஒரு சிறு மணியைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேசப் போகிறேன். அது மிளகல்ல, ஈயம். அதை அறியாமல் நான் ஒரு தாய்க்கு அவசரப்பட்டுப் பதில் சொன்னேன். அந்தத் தவறை மறைக்காமல் உங்கள் முன் வைக்கிறேன். உங்களில் ஒருவராவது அதனால் எச்சரிக்கை அடைவீர்களானால் அதுவே எனக்குப் போதும்.

உடுவிலில் ஒரு வீட்டில் வாரம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்து வருகிறேன். அந்த வீட்டு உம்மாவின் மூத்த மகன் இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம் மனைவியோடு வசிக்கிறார். அங்கே கடலோரச் சதுப்பு நிலங்களில் குளிர்காலத்தில் காட்டுத்தாராக்கள் வந்து இறங்கும். அனுமதிப் பத்திரம் பெற்றவர்கள் அவற்றைச் சுடுவார்கள். அந்த மகனும் முறைப்படி பத்திரம் பெற்று, அயலில் உள்ள முதியவர் ஒருவரோடு வேட்டைக்குப் போய் வருகிறார்.

ஒரு நாள் பாடம் முடிந்து நான் எழும்பும்போது உம்மா மறித்தார். "மௌலவி, ஒரு மஸ்அலா கேக்க வேணும். மகன் சுட்ட தாரா. உயிரோட பிடிச்சு அறுத்துத்தான் கொண்டு வந்தவனாம். மருமகள் சாப்பிடலாமோ? அவளுக்கு இப்ப ஆறு மாதம்."

"அறுக்கும்போது உயிர் இருந்ததா? பிஸ்மில்லாஹ் சொன்னாரா?" என்று கேட்டேன்.

"ஓம் மௌலவி, ரெண்டும் சரியாம்."

"அப்படியானால் ஹலால்தான். தாராளமாகச் சாப்பிடச் சொல்லுங்கள்" என்றேன்.

அவர் தொலைபேசியில் ஒரு படத்தையும் காட்டினார். கறிக் கோப்பையின் ஓரத்தில் ஒரு சிறிய கருமணி. "மருமகள்ட பல்லில கடிபட்டதாம். என்னெண்டு தெரியேல்லையாம்" என்றார். "மிளகாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

மருதனார்மடம் சந்தி வரை வந்த பிறகுதான் மனம் உறுத்தத் தொடங்கியது. கறியில் வெந்த மிளகு பல்லில் பட்டால் உடைந்து நசிந்துவிடுமே! உடையாமல் கோப்பையின் ஓரத்தில் முழுதாய்க் கிடக்கும் மணி எது? வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் உடுவிலுக்குப் போனேன். மகனோடு அங்கிருந்தே பேசினோம். அது துவக்குத் தோட்டாவிலிருந்து வந்த சன்னம்.

மார்க்கம் கேட்கும் கேள்விகள்

வேட்டையாடிய பிராணி பற்றி நமது ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அல்மாயிதா சூராவின் மூன்றாம் வசனம், அடிபட்டுச் செத்ததை விலக்கப்பட்டவற்றில் ஒன்றாகச் சொல்கிறது. நான்காம் வசனம் வேட்டையை அனுமதித்து, அல்லாஹ்வின் பெயரைச் சொல்லும்படி பணிக்கிறது. அதிய்யு இப்னு ஹாத்திம் (ரழி) அவர்கள் வேட்டை பற்றிப் பல கேள்விகளை நபி (ஸல்) அவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். ஆயுதத்தின் கூர் துளைத்துச் செத்ததை உண்ணலாம், அதன் பாரம் தாக்கிச் செத்ததை உண்ணக் கூடாது என்பது அவர்களுக்குக் கிடைத்த பதிலின் கருத்து. சுடப்பட்டது தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் அதையும் விட்டுவிட வேண்டும். அதைக் கொன்றது அம்பா, தண்ணீரா என்பது தெரியாதல்லவா? தாரா வேட்டைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறென்ன இருக்க முடியும்!

சன்னம் பட்டே செத்த பறவை பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நமது ஷாபிஈ மத்ஹபில் உயிரோடு பிடித்து அறுத்தால்தான் ஹலால் என்பதே பேணுதலான வழி. அந்த மகன் அப்படித்தான் செய்திருந்தார். ஆகவே நான் சொன்ன பதிலில் பிழையில்லை என்று சிலர் எண்ணலாம்.

ஆனால் சகோதரிகளே, அல்பகரா சூராவில் உணவைப் பற்றிப் பேசும்போது அல்லாஹ் ஹலால் என்ற ஒரு சொல்லோடு நிறுத்தவில்லை. 'தையிப்' என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறான். நல்லது, தூய்மையானது, தீங்கற்றது என்பது அதன் பொருள். நான் முதல் சொல்லைக் கேட்டேன், இரண்டாவதை மறந்துவிட்டேன். ஆறு மாதக் கர்ப்பிணியின் கோப்பையில் எது கிடந்தது என்று கேட்காமல் எழும்பி வந்துவிட்டேன்.

ஈயம் என்றால் எது?

நம் பெண்களுக்கு ஈயம் என்றதும் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதுதான் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம். களிம்பு ஏறாமல் பாத்திரத்தைக் காப்பது. நான் பேசுவது காரீயம். பாரமானது, மென்மையானது, இலகுவில் உருகுவது, விலை குறைந்தது. அதனால்தான் நெடுங்காலமாகத் தோட்டாக்களில் அதையே நிரப்பி வந்தார்கள்.

இந்தக் காரீயம் உடலுக்கு எந்த விதத்திலும் தேவையில்லாத நஞ்சு. இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பெரியவர்களின் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் அது தாக்குகிறது. பிள்ளைகளிடத்தில் அது மூளையைத் தாக்குகிறது. படிப்பு, கவனம், புத்திக்கூர்மை எல்லாம் மங்குகின்றன. வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்களின் உடல் உறிஞ்சுவதைப் போல நான்கு ஐந்து மடங்கைச் சிறு பிள்ளைகளின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது.

இன்னொன்றையும் தாய்மார் அறிந்திருக்க வேண்டும். உள்ளே போன ஈயம் எலும்பில் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் தங்கியிருக்கும். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து மீண்டும் இரத்தத்தில் கலந்து கருவிலுள்ள பிள்ளையை அடையும். குமரிப் பருவத்தில் உண்டது, தாயாகும்போது பிள்ளைக்குப் போகிறது!

சன்னத்தை எடுத்து வீசினால் போதாதா?

"கறி சமைக்கும்போது சன்னத்தைப் பொறுக்கிப் போட்டால் முடிந்ததுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். அந்த உம்மாவும் அதைத்தான் கேட்டார்.

போதாது. மென்மையான ஈயம் எலும்பில் மோதும்போது தூள் தூளாகச் சிதறும். அத்தூள் கண்ணுக்குத் தெரியாது, பல்லிலும் படாது. இறைச்சியோடு இறைச்சியாகக் கலந்துவிடும். அதைக் கழுவி அகற்ற முடியாது, வேகவைத்தும் அழிக்க முடியாது.

நமது சமையலுக்கு இன்னும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஈயச் சன்னம் கொண்ட காடை இறைச்சியை வினாகிரி சேர்த்துச் சமைத்தபோது புளிப்பில்லாமல் சமைத்ததைவிட அதிக ஈயம் இறைச்சியில் இறங்கியதைக் கண்டார்கள். புளிப்பு ஈயத்தைக் கரைக்கிறது. யாழ்ப்பாணத்துக் கறிக்குப் பழப்புளியும் தேசிக்காயும் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவா வேண்டும்?

இங்கிலாந்தின் உணவுத் தர முகவர் நிலையம் 2012இல் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. ஈயத்தால் சுட்ட வேட்டை இறைச்சியை அடிக்கடி உண்போர் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும், குறிப்பாகக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பிள்ளைப்பேற்றை எதிர்பார்த்திருக்கும் பெண்களும் என்பது அதன் சாரம்.

பறவைகளுக்கு நேரும் கதி

ஒரு தோட்டாவில் ஒரு சன்னமல்ல இருப்பது. 28 கிராம் நிறையுள்ள சாதாரணத் தோட்டாவில் ஆறாம் இலக்கச் சன்னங்கள் ஏறத்தாழ 270 இருக்கும். பறவையில் படுபவை சில. மற்றவை எல்லாம் சதுப்பு நிலத்தில் விழுந்து கிடக்கும்.

தாராவுக்குப் பல் இல்லை. இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களைப் பொறுக்கி விழுங்கும். கோழி அறுக்கும்போது வயிற்றினுள் தடித்த தசைப்பை ஒன்றைக் கண்டிருப்பீர்கள். அந்தப் பைதான் அதன் அம்மி. சேற்றில் கிடக்கும் ஈயச் சன்னத்தையும் கல்லென்று எண்ணித் தாரா விழுங்குகிறது. அம்மியில் அரைபட்டு ஈயம் இரத்தத்தில் ஏறுகிறது. சிறகு தொங்கி, பறக்க முடியாமல், மெலிந்து சாகிறது. ஒன்றிரண்டு சன்னங்களே ஒரு தாராவைக் கொல்லப் போதும். அப்படி நலிந்த பறவையைத் தின்னும் கழுகும் நஞ்சாகிச் சாகும்.

அமெரிக்க ஆய்வாளர் பெல்றோஸ் என்பவர், வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று வீதம் ஆண்டுதோறும் இவ்வாறு சாவதாக 1959இலேயே கணித்தார். ஐரோப்பாவில் ஆண்டொன்றுக்குச் சுமார் 10 இலட்சம் நீர்ப்பறவைகள் இதனால் சாவதாக ஐரோப்பிய இரசாயன முகவர் நிலையம் மதிப்பிட்டது. இவை வேட்டைக்காரன் குறிபார்த்த பறவைகள் அல்ல. யாருக்கும் உணவாகாமல் வீணாய்ச் செத்தவை. காரணமின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவிக்கும் மறுமையில் முறைப்பாடு உண்டென்ற கருத்துள்ள ஹதீஸை நஸாயீயில் படித்தவர்கள் இதை இலகுவாக எடுத்துக்கொள்ள முடியுமா?

உலகம் என்ன செய்தது?

அமெரிக்கா 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னத்தை நாடு முழுவதும் தடை செய்தது. சில வருடங்களில் மிசிசிப்பிப் பறவைப் பாதையில் ஆய்வு செய்தவர்கள், பச்சைத்தலைத் தாராக்களில் ஈய நஞ்சினால் ஏற்படும் சாவு நூற்றுக்கு 64 வீதம் குறைந்துவிட்டதாகக் கணித்தார்கள். டென்மார்க் 1996இல் வேட்டைக்கு ஈயச் சன்னத்தையே முற்றாக நிறுத்தியது. அங்கே வேட்டை நின்றுவிடவில்லை, சன்னம்தான் மாறியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023 பெப்ரவரி முதல் தடை நடைமுறைக்கு வந்தது.

இங்கிலாந்தில் தாரா, வாத்து இனங்களை ஈயத்தால் சுடுவது 1999 முதல் சட்டவிரோதம். ஆனால் சட்டம் இருந்தும் பலர் கேட்கவில்லை. 2010இல் வெளியான ஆய்வொன்றில், அங்கு கடைகளில் வாங்கிப் பரிசோதித்த தாராக்களில் நூற்றுக்கு 70 வீதம் ஈயத்தால் சுடப்பட்டிருந்தன. 2025 ஜூலையில் பிரித்தானிய அரசு, பிற வேட்டைகளுக்கும் ஈயச் சன்னத்தை மூன்று வருட அவகாசத்தோடு தடை செய்யப் போவதாக அறிவித்தது.

உடுவில் உம்மாவின் மகன் இந்தச் சட்டத்தை அறியாதவரல்ல. அயல்வீட்டு முதியவர் அன்போடு கொடுத்த பழைய தோட்டாப் பெட்டியை, அதில் என்ன இருக்கிறதென்று வாசிக்காமல் பாவித்திருக்கிறார். அவருடைய தவறும் என்னுடைய தவறும் ஒன்றுதான். இருவரும் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

எந்தச் சன்னம் நல்லது?

வெளிநாட்டில் வேட்டைக்குப் போகும் கணவனோ மகனோ சகோதரனோ உங்களுக்கு இருந்தால், பின்வருவனவற்றை எடுத்துச் சொல்லுங்கள். துவக்கு ஆண்களின் விடயம் என்று ஒதுங்கிவிட வேண்டாம். சட்டி உங்களுடையது.

ஒன்று, இரும்புச் சன்னம். எஃகுச் சன்னம் என்று விற்பார்கள், உண்மையில் மென்மையாக்கிய இரும்பு. நஞ்சில்லை, மாற்றுக்களில் விலையும் குறைவு. ஆனால் ஈயத்தைவிடப் பாரம் குறைந்தது. ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் இரும்பினது 7.9 அளவுதான். ஆகவே ஈயத்தில் பாவித்ததைவிட இரண்டு இலக்கம் பெரிய சன்னத்தை எடுக்க வேண்டும். ஆறாம் இலக்கம் பாவித்தவர் நான்காம் இலக்கம் எடுப்பார், ஏனென்றால் இலக்கம் குறையக் குறையச் சன்னம் பெரிதாகும். தூரத்துப் பறவையைச் சுட்டுக் காயப்படுத்தி விடாமல், நெருங்கி வந்ததையே சுட வேண்டும். இரும்பு கடினமானது என்பதால் பழைய மெல்லிய குழாய்களுக்கு ஆகாது. வாய் மிக ஒடுங்கிய குழாய்க்கும் ஆகாது. துவக்குத் திருத்துபவரிடம் காட்டிக் கேட்ட பின்பே பாவிக்க வேண்டும். கல்லிலும் பாறையிலும் பட்டுத் திரும்பித் தெறிக்கும், அதிலும் கவனம் தேவை.

இரண்டு, பிஸ்மத். சிறிதளவு வெள்ளீயம் சேர்த்துச் செய்வார்கள். அடர்த்தி 9.6 அளவு, ஈயத்துக்குக் கிட்ட வரும். மென்மையானது என்பதால் பழைய துவக்குகளுக்கும் பொருந்தும். விலைதான் கூடுதல்.

மூன்று, டங்ஸ்டன் கலவைகள். பாரத்தில் ஈயத்துக்கு ஈடாகவும் அதற்கு மேலாகவும் உண்டு. மிகவும் விலை கூடியவை.

நாகச் சன்னத்தை நல்ல மாற்றென்று எண்ணிவிட வேண்டாம். விழுங்கும் பறவைக்கு அதுவும் நஞ்சு. தோட்டாவினுள் சன்னத்தைத் தாங்கும் கிண்ணம் பிளாஸ்டிக்காக இல்லாமல் உக்கிப்போகும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது.

அடுக்களையில் ஒரு சோதனை

இறைச்சியில் சன்னம் ஒன்று அகப்பட்டால் அது எதுவென்று எப்படி அறிவது? ஒரு காந்தத்தைக் கிட்டக் கொண்டு போங்கள். ஒட்டினால் பெரும்பாலும் இரும்பு. ஒட்டாவிட்டால் ஈயமாகவோ பிஸ்மத்தாகவோ இருக்கலாம். ஒரு கடதாசியில் வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். பிஸ்மத் நொறுங்கும். ஈயம் நொறுங்காது, தட்டையாகும், கடதாசியில் சாம்பல் நிறக் கோடும் கீறும். சோதித்தபின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

அன்று அந்த மகன் நாங்கள் தொலைபேசியில் காத்திருக்க, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தமொன்றைக் கழற்றி வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. தட்டிப் பார்த்தார். தட்டையானது. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. உம்மாவின் கையில் இருந்த தஸ்பீஹ் நின்றுவிட்டது. பிறகு, "மிச்ச இறைச்சிய எறி மகன். விடிஞ்சதும் அவளை டாக்டரிட்டக் கூட்டிப் போ" என்றார். எனக்கு உம்மாவின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. "நான் கேட்காமல் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். "நீங்க திரும்பி வந்தியளே மௌலவி, அது போதும்" என்றார்.

இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கவலைப்படும் அளவில் இல்லை என்று வைத்தியர் சொன்னார், அல்ஹம்துலில்லாஹ். ஒருமுறை உண்டதற்காக எவரும் பதறத் தேவையில்லை. மீண்டும் மீண்டும் உண்பதும், கர்ப்பிணியும் குழந்தையும் உண்பதும்தான் பெரிய ஆபத்து. மகனின் துவக்கு மிகப் பழையது என்பதால் இப்போது பிஸ்மத் தோட்டா வாங்குகிறார். விலை கூடியதால் குறைவாகத்தான் சுடுகிறாராம். அதுவும் நல்லதே. அயல்வீட்டு முதியவருக்கும் பக்குவமாக எடுத்துச் சொல்லி, மிச்சமிருந்த ஈயத் தோட்டாக்களை ஒரு துவக்குக் கடையில் ஒப்படைக்கச் செய்திருக்கிறார்.

நம்முடைய மண்ணில்

"எங்களுக்கேன் இந்தக் கதை? எங்களிடம் துவக்கே இல்லையே!" என்று சிலர் நினைக்கலாம். உண்மைதான். ஆனால் நமது நாட்டிலும் காட்டுப்பறவை இறைச்சி களவாக விற்பனைக்கு வருவதுண்டு. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படியும் அதன் பிந்திய திருத்தங்களின்படியும், ஒரு சில இனங்கள் தவிர்ந்த பறவைகள் அனைத்தும் பாதுகாக்கப்பட்டவை. மாரியில் கந்தரோடைப் பக்கமாக வழுக்கியாற்றில் தண்ணீர் ஓடி அராலியில் கடலைச் சேரும் காலத்தில், ஊசிவால் தாராக்களும் நீலச்சிறகுத் தாராக்களும் ஆசியாவின் வடக்கு எல்லைகளிலிருந்து பல ஆயிரம் மைல் பறந்து நமது குடாநாட்டுக்கு வருகின்றன. அவை நமது விருந்தாளிகள். 1938இல் சரணாலயமான சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவானது இப்படிப்பட்ட பறவைகளைக் காப்பதற்காகத்தான். எனவே நமது ஊரில் சரியான சன்னம் எது என்ற கேள்விக்கு இடமேயில்லை. சுடாமல் விடுவதுதான் சரி. யாரேனும் காட்டுத்தாரா என்று வாசலில் கொண்டு வந்தால் வாங்காதீர்கள். எப்படிச் செத்தது என்பதும் தெரியாது, எதனால் செத்தது என்பதும் தெரியாது.

காரீயம் வேறு வழிகளிலும் நம் வீடுகளுக்குள் நுழைகிறது. காற்றுத் துவக்கின் குண்டும் பெரும்பாலும் ஈயமே, பிள்ளைகள் அதை வாயில் வைக்க விடாதீர்கள். வலைக்குக் கட்டும் ஈயத்தை அடுக்களைச் சட்டியில் உருக்க விடாதீர்கள். பழைய வாகன பற்றரியை முற்றத்தில் உடைக்க விடாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு என்றால் என்னவென்று உடுவில் பிரதேசத்து மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பக்கத்திலுள்ள சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் கழிவெண்ணெய் மிதந்த காலத்தை எவரும் மறக்கவில்லை. அந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. அன்று வாளியோடு தண்ணீருக்கு அலைந்தவர்கள் பெண்கள். சட்டியில் வந்தாலும் கிணற்றில் வந்தாலும் நஞ்சை முதலில் சந்திப்பது அவர்களின் கைதான்.

ஆகவே சகோதரிகளே, ஓர் உணவு உங்கள் அடுப்படிக்கு வந்தால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இது ஹலாலா? இது தையிபா? முதல் கேள்விக்கு மட்டும் பதில் தந்துவிட்டு ஒரு மௌலவி எழும்பினால், நானாகவே இருந்தாலும், அவரை மறித்து இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை மட்டுமல்ல, வயிற்றில் வளரும் பிள்ளைக்கு நீங்கள் செய்யும் அமானிதமும் அதுவே.

நம் அனைவருக்கும் ஹலாலான, தூய்மையான உணவை வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.